பல் டாக்டர் வண்டிக்கு என்ன குறை?

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, பழுது நீக்க எவ்வளவு கொடுக்கலாம் என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதித் தருவது அவர் வேலை. அந்த வேலைக்கு சர்வேயர் என்று பெயர். ஆளுக்குப் பட்டறைகளில் வேறு பெயர். அவருடைய சின்ன வெள்ளைக் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து குரல் கிளம்பும்: "முப்பது வந்தாச்சு!"

எந்தப் பட்டறை எந்தப் பில்லை நீட்டினாலும் அதில் முப்பது சதவீதத்தை வெட்டுவார். நன்றாகப் படித்துவிட்டு வெட்டுவார். நேரமில்லை என்றால் படிக்காமலே வெட்டுவார். பட்டறைக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அவர் வெட்டுவது தெரிந்து முன்கூட்டியே ஏற்றிப் போடுவார்கள். அவர்கள் ஏற்ற, இவர் இறக்க, இரண்டுக்கும் நடுவில் நியாயமான விலை பத்திரமாக உட்கார்ந்திருக்கும். இருபத்தாறு வருடமாக இந்த ஏற்பாடு நடக்கிறது. இதைப் பற்றி இரு தரப்பும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை.

வீட்டிலும் அதே கண்தான். தலைவலி மாத்திரை கொடுத்தால் பட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பார். கொடுப்பது அவர் மனைவி. அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள். அப்படியும் பார்ப்பார்.

"நான் உங்களுக்கு விஷம் குடுக்கணும்னா தேதி முடிஞ்ச மாத்திரையா தேடிட்டு இருப்பேன்?" என்பாள் அவள்.

முப்பதுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இரண்டு தடவை வர வேண்டும் என்றார் பல் டாக்டர். நாற்பது வயதுப் பெண்மணி, கையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். எக்ஸ்ரே படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் தன் பெயர்தான் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முப்பது நாற்காலியில் சாய்ந்தார்.

பாதி வேலையில், அவர் வாய்க்குள் ஒரு குழாயும் இரண்டு கருவியும் இருக்கும்போது டாக்டர் கேட்டார்: "சார் கார் சர்வேயர்தானே? ஃபார்ம்ல பாத்தேன். என் வண்டிய விக்கப்போறேன் சார். ரெண்டு லிட்டர் டர்போ இன்ஜின். ஏழு வருஷமாச்சு. ஓட்டறதுக்கு அவ்வளவு நல்லாருக்கும். ஆனா செலவு கட்டுப்படியாகல. பெட்ரோலைக் குடிக்குது, டயரைத் தின்னுது. யாராவது கேட்டா சொல்லுங்க."

"ஆ... ஆ..."

"வலிக்குதா?"

வலிக்கவில்லை. கேள்வி கேட்க முடியவில்லை. அதுதான் வலி. விற்கிறவர் தன் பொருளைத் தானே குறை சொன்னதை முப்பது இதுவரை கேட்டதில்லை. அதையும், எதிராளி திருப்பி ஒரு வார்த்தை கேட்க முடியாத நேரமாகப் பார்த்துச் சொல்வானேன்? பெட்ரோல், டயர் என்று சின்னக் குறையை முன்னால் தள்ளிவிட்டால் பெரிய குறையை யாரும் தேடமாட்டார்கள். அந்தப் பெரிய குறை என்ன? வாய் கொப்பளித்துத் துப்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க நிக்குது?"

ஆசை என்னவோ பழைய ஆசைதான். அந்த ரக வண்டிகளைப் பற்றி அவர் பதினேழு அறிக்கைகள் எழுதியிருக்கிறார். ஒன்றைக்கூட ஓட்டியதில்லை, ஓடுகிற நிலையில் எதுவும் அவரிடம் வந்ததில்லை. நசுங்கிய மூக்கும் உடைந்த விளக்குமாக வந்தவற்றின் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அறிக்கையில் இடம் பெறாத வேலை அது. அவருடைய சொந்தக் கார் பதினோரு வருடம் பழையது. நெடுஞ்சாலையில் மேடு வந்தால் மனைவி கேட்காமலே கை நீட்டி ஏசியை அணைத்துவிடுவாள், வண்டிக்கு மூச்சு வாங்கும் என்று. பின்னால் வரும் லாரி ஹாரன் அடிக்கும்.

வண்டி வாங்கப் பணம் கையில் இருந்தது. பழைய காரை விற்றால் வருவதும் வங்கியில் போட்டு வைத்ததுமாகச் சேர்த்தால் போதும். ஓட்டுவதற்கு மாதாமாதம் போகும் பணம்தான் கேள்வி. அந்தக் கேள்வி மனைவியின் குதிகாலில் வந்து முட்டியது.

மருந்தக ஜன்னலுக்குப் பின்னால் எட்டு மணி நேரம் நின்று நின்று அவளுக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் பத்தடி. அடுத்த மாதம் முதல் அரை நாள் வேலைக்கு மாறிக்கொள்வதென்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அரை நாள் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூட வேலை செய்யும் இன்னொருத்தியும் அதன்மேல் கண் வைத்திருந்தாள். முதல் உரிமை இவளுக்கு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிச் சம்பளம் போனாலும் குடும்பம் ஓடும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அந்த மிச்சத்துக்குள் டாக்டர் வண்டி அடங்குமா என்பதுதான் இப்போது விஷயம்.

பல் பார்த்த மறுநாள் சனிக்கிழமை. கிளினிக்கின் பின்புறம், ஜெனரேட்டர் பக்கத்தில் அந்தக் கறுப்பு வண்டி நின்றது. முப்பது பையைத் திறந்தார். டார்ச், சின்னக் கண்ணாடி, பெயின்ட் கனம் அளக்கும் கருவி. மோதித் தட்டியெடுத்து மறுபடி பெயின்ட் அடித்த இடத்தில் கனம் கூடுதலாகக் காட்டும் கருவி அது. கதவு, கூரை, மூக்கு என்று நாற்பத்திரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே அளவு. பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஸ்டெப்னி குழிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெல்டிங் தடமும் இல்லை, தண்ணீர் நின்ற கறையும் இல்லை.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் டாக்டர்.

"சும்மா பாக்கறேன் டாக்டர்."

"சொன்னா எடுத்துக் குடுப்பேன்ல?"

அவர் எடுத்துக் கொடுத்தது தடியான ஒரு ஃபைல். ஏழு வருடமாக அந்த வண்டிக்கு ஆன செலவு மொத்தமும் தேதிவாரியாக அதில் இருந்தது. போட்ட பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர், மாற்றிய டயர், பிரேக், ஆயில். எல்லாவற்றுக்கும் ரசீது. முப்பது இரண்டு ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் அனுபவத்தில், மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக ரசீது வைத்திருப்பது பொய் சொல்வதற்கு முன்புதான்.

"எப்ப முடிவு சொல்லணும் டாக்டர்? வேற யாராவது கேக்கறாங்களா?"

"இப்ப யாரும் கேக்கல. அவசரமே இல்ல. நிதானமா பாருங்க."

இதுவும் சரியில்லையே என்று நினைத்துக்கொண்டார். அவசரப்படுத்தினாலாவது இன்ன ரகம் என்று வகைப்படுத்தலாம்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் சர்வே படிவம் ஒன்றை விரித்தார். கணக்குப் போட அவருக்கு வேறு காகிதம் பழக்கமில்லை. இடப்பக்கம் செலவின் பெயர், நடுவில் 'கோரிய தொகை', வலப்பக்கம் 'அனுமதித்த தொகை'. ஃபைலைப் பார்த்து நடுக் கட்டத்தை நிரப்பினார். லிட்டருக்கு எட்டரைக் கிலோமீட்டர்தான் ஓடுமாம். அவருடைய சின்னக் கார் பதினெட்டு ஓடும். அதுவும் சாதா பெட்ரோல் ஆகாதாம், விலை கூடிய பெட்ரோல்தான் வேண்டுமாம். டயர் இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டரில் முடிந்துவிடுமாம். அதில் ஒரு டயர் விலைக்குச் சின்னக் காருக்கு நாலும் வாங்கிவிடலாம். முன்பக்க பிரேக் கட்டையும் டிஸ்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. வருட சர்வீஸ். காப்பீட்டுப் பிரீமியத்தை மட்டும் அவர் ஃபைலைப் பார்க்காமலே எழுதினார், அது மனப்பாடம். மற்ற எல்லாவற்றிலும் முப்பது சதவீதத்தை வெட்டி வலப்பக்கக் கட்டத்தில் போட்டார். கூட்டிப் பார்த்தார். மாத மிச்சத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

மனைவி படிவத்தை எடுத்துப் பார்த்தாள். மருந்துச் சீட்டு படிக்கிற கண். நேராக நடுக் கட்டத்துக்குப் போனது.

"இது என்ன, ரெண்டு தொகை?"

"அது ஃபைல்ல இருக்கறது. இது நான் அனுமதிச்சது."

"பெட்ரோல் போடறவன் நீங்க அனுமதிச்சதை வாங்கிட்டு விட்டுடுவானா?"

"ஏத்தித்தான் எழுதியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

"விக்கறவங்க எதுக்குங்க செலவை ஏத்திக் காட்டணும்? குறைச்சுல்ல காட்டுவாங்க?"

அதற்கு அவரிடம் இரண்டு விளக்கம் தயாராக இருந்தது. ஒன்று, வண்டியை எப்படிப் போற்றி வளர்த்தேன் பார் என்று காட்ட. இரண்டு, ஃபைலின் தடிமனைப் பார்த்து மலைத்துப்போய், அதில் இல்லாத ஒரு விபத்தை யாரும் கேட்காமல் இருக்க. இரண்டாவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

"சரி, ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுடப்போகுது" என்றாள். "நானும் வரேன்."

ஞாயிறு காலை சாவியை வாங்கிக்கொண்டு நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனார். டேங்க் விளிம்பு வரை நிரப்பி, அறுபது கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே குழாயில் மறுபடி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் குடித்தது. டேஷ்போர்டில் வண்டியே ஒரு கணக்குக் காட்டும். அதை அவர் கர்ச்சீப்பால் மூடிவிட்டார். தான் சாப்பிட்ட கணக்கைத் தானே சொல்லும் வண்டியை எப்படி நம்புவது?

ஊர் எல்லை தாண்டும் வரை முட்டையின்மேல் நடப்பதுபோல ஓட்டினார். காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு சத்தத்தையும் ஆராய்ந்தார். கியர்பாக்ஸ் முனகவில்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை. பிறகு அந்த மேடு வந்தது. வழக்கமாக இரண்டாவது கியரில் திணறும் மேடு. மனைவியின் கை பழக்க தோஷத்தில் ஏசி பொத்தானை நோக்கி நீண்டது.

"விடு" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்தார்.

வண்டி அவர்களை இருக்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறியது. முன்னால் போன இரண்டு லாரிகள் கண்ணாடியில் சின்னதாகி மறைந்தன. மேட்டின் உச்சியில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, இன்னொரு தடவை!"

திரும்பிப் போய் இன்னொரு தடவை ஏறினார்கள். பிறகு இன்னும் ஒரு தடவை.

பங்கில் குழாயை வைத்ததும் முப்பது மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் அனுமதித்த கணக்குப்படி ஐந்து லிட்டருக்குள் நிற்க வேண்டும். ஃபைல்படி என்றால் ஏழு. மீட்டர் ஐந்தைத் தாண்டியது. ஏழையும் தாண்டியது. ஏழரையைக் கடந்து விளிம்பில் நின்றது.

"இந்தக் குழாய்ல ஏதோ கோளாறு" என்றார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க?" என்றார் பங்க் ஊழியர். "போன வாரம்தான் அதிகாரிங்க அளவு பாத்து சீல் வச்சுட்டுப் போனாங்க."

"யாரு வச்சது? சீட்டு இருக்கா?"

மனைவி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க. குழாய்ல கோளாறு இல்ல. உங்க கால்லதான். மூணு தடவை மேடு ஏறினா எட்டரையா குடுக்கும்?"

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு வரும் வழியில் மனதுக்குள் மறுபடி வகுத்துப் பார்த்தார். டாக்டரின் கணக்கு உண்மைக்குக் குறைவாக இருந்தது. அப்படியென்றால் அந்த அம்மாள் நிதானமாக ஓட்டுகிறவர், அல்லது கணக்கில் வேறு ஏதோ சூது. இரண்டாவதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஏழு வருடத்தில் காப்பீட்டுக் கோரிக்கை ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினார். ஒன்றுகூட இல்லை. ஒரு கீறலுக்கு, ஒரு கண்ணாடி விரிசலுக்குக்கூட இல்லை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "சுத்தமான வண்டி போல" என்றார்.

"ஏழு வருஷத்துல எங்கயும் இடிக்கலன்னா, ஒண்ணு வண்டி ஓடல, இல்ல வெளியில வச்சு கமுக்கமா சரி பண்ணியிருக்காங்க" என்றார் முப்பது.

"இல்ல, ஒழுங்கா ஓட்டியிருக்காங்க."

முப்பது அவரை இரக்கத்தோடு பார்த்தார். சின்ன வயது, போகப் போகத் தெரிந்துகொள்வார்.

புதன்கிழமை காலை பெரிய பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை இருந்தது. மரத்தில் மோதிய ஒரு வேனைப் பார்த்து முடித்துவிட்டு, அங்கே ஃபோர்மேனைத் தனியாகக் கூப்பிட்டார். பதினைந்து வருடப் பழக்கம். உதட்டுக்கு மேல் எப்போதும் கிரீஸ் ஒட்டியிருக்கும் மனிதர்.

"ரெண்டு லிட்டர் டர்போ, கறுப்பு, ஏழு வருஷ மாடல். முன் பிரேக் கட்டை, டிஸ்க் ரெண்டும் சேத்து என்ன ஆகும்?"

ஃபோர்மேன் ஒரு நொடி மேலே பார்த்தார். "பதினாலாயிரத்து முந்நூறு ஆகும் சார்."

"பத்தாயிரம்" என்றார் முப்பது, மூச்சு விடுவதுபோல.

"சரி சார், பத்தாயிரம்" என்றார் ஃபோர்மேனும், அதே வேகத்தில். "எந்த கிளெய்ம் சார் இது? வண்டி இங்க வரலயே?"

"கிளெய்ம் இல்லய்யா. நான் வாங்கலாம்னு இருக்கேன். என் கைக்காசு."

ஃபோர்மேன் கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "கைக்காசா? அப்பவும் பத்தாயிரம்தான் சார். அதுக்குக் கீழ ஒரு பைசா குறையாது."

"அப்ப பதினாலாயிரத்து முந்நூறு?"

"அது உங்களுக்கு. நீங்க முப்பது வெட்டுவீங்கல்ல? நாப்பத்திமூணு ஏத்தினாத்தான் வெட்டினது போக சரியா வரும். கால்குலேட்டர்ல போட்டுப் பாத்துருக்கோம் சார்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க."

முப்பது தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபைலில் அந்த வேலைக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதியிருந்தது. அவர் படிவத்தில் அதை ஏழாயிரத்துக்கும் கீழே கொண்டுபோயிருந்தார். டயர் விலை கேட்டார், சர்வீஸ் கேட்டார், ஆயில் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஃபோர்மேன் கைக்காசு விலை சொன்னார். ஒவ்வொன்றும் ஃபைலோடு ஒட்டி வந்து நின்றது. டாக்டர் எதற்கும் கிளெய்ம் போட்டதில்லை. தன் கையிலிருந்து கொடுத்த பணத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். அதில் வெட்டுவதற்கு யாரும் எதையும் ஏற்றி வைக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில், ஏற்றாத பில்லை அவர் கையில் வாங்கியது இதுதான் முதல் தடவை.

"வண்டி நல்லதுதான் சார்" என்றார் ஃபோர்மேன். "ஆனா மாசாமாசம் அதுக்கு ஒரு சம்பளம் எடுத்து வைக்கணும். உங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்பு?"

பட்டறை வாசலில், தன் சின்னக் காருக்குள் உட்கார்ந்தபடி முப்பது படிவத்தை எடுத்தார். வலப்பக்கக் கட்டத்தை அடித்துவிட்டு நடுக் கட்டத்தைக் கூட்டினார். மாத மிச்சம் போய், அதற்கு மேலும் போனது. மனைவி முழுநாள் நின்றால் கறுப்பு வண்டி ஓடும். அவள் உட்கார வேண்டுமென்றால் வண்டி நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி எதுவும் அந்தப் படிவத்தில் இல்லை. இரண்டு தடவை கூட்டினார்.

அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. நான்கு நாளாக மனைவி அரை நாள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதற்கு முன்பெல்லாம் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் என்னென்ன செய்வேன் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவள். முதலில் செருப்பைக் கழற்றுவாளாம், காலைத் தூக்கி நாற்காலிமேல் போடுவாளாம், மூன்று மணிவரை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாளாம். அந்தப் பட்டியல் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோனது.

மாலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில் புது அட்டைப்பெட்டி. உள்ளே தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ, நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கானது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ரசீதில் திங்கட்கிழமைத் தேதி.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது ஷூ மேசைமேல் இருந்தது.

"இது எதுக்கு வாங்கின?"

"கால்ல போட."

"அரை நாள் நிக்கப்போறவளுக்கு இவ்வளவு தடி ஷூ எதுக்கு?"

"இப்ப என்ன, என்னையும் சர்வே பண்றீங்களா?"

"எழுதிக் குடுத்துட்டியா, இல்லயா?"

அவள் துண்டை நாற்காலியில் போட்டாள். "இன்னும் இல்ல. அவ கேட்டுட்டே இருக்கா, அவளுக்கே விட்டுக் குடுத்துடலாமான்னு பாத்தேன்."

"உன் கால் வலி?"

"மாத்திரை இருக்கு, ஷூ இருக்கு. இவ்வளவு நாள் நிக்கலயா?"

"எதுக்கு விட்டுக் குடுக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை அந்த மேட்டுல நீங்க சிரிச்சீங்க" என்றாள். "கல்யாண ஆல்பத்துல கூட நீங்க போட்டோகிராஃபரை முறைச்சுட்டுத்தான் நிக்கறீங்க. இப்படி ஒரு சிரிப்பு உங்ககிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. உங்க படிவத்துல வலப்பக்கக் கட்டம் சும்மான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நடுக் கட்டத்தைத்தான் நான் கூட்டிப் பாத்தேன்."

அவர் நம்பவில்லை. அவளை உற்றுப் பார்த்தார். கிளெய்ம் கேட்டு வருகிறவர்களின் முகத்தில் அவர் தேடும் இடங்கள் உண்டு. வாயோரம், புருவம், கண் போகும் திசை. எங்கும் எதுவும் இல்லை. அவள் அவரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அந்த வண்டி பிடிச்சுதா?"

"ரொம்ப. அதுல பொய் இல்ல."

அந்தப் பதில்தான் அவரைப் படுத்தியது. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். வேண்டாமென்றால் இழப்பு இருவருக்கும். மேடும், லாரிகள் சின்னதாகிப்போன கண்ணாடியும், பக்கத்து இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவளுமாக எல்லாம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போயின. அவள் ஷூவைப் பெட்டிக்குள் வைக்கப் போனாள். நாற்காலியிலிருந்து அலமாரி வரை ஆறடி. சுவரை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள்.

"வண்டி வேண்டாம்" என்றார் முப்பது.

அவள் திரும்பினாள். இப்போது சந்தேகம் அவள் முகத்தில் இருந்தது. "எனக்காகவா? எனக்காகன்னா வேண்டவே வேண்டாம். அப்புறம் ஆயுசு பூரா சொல்லிக்காட்டுவீங்க."

"கணக்கு உதைக்குது. அறுபது கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டருக்கு மேல குடிக்கற வண்டி நமக்கு ஆகாது."

"அது இன்னிக்கா தெரிஞ்சுது? ஞாயித்துக்கிழமையே தெரியும்ல?"

"அன்னிக்கு நான் நம்பல."

"இன்னிக்கு மட்டும் எப்படி நம்பினீங்க?"

"ஃபோர்மேன் சொன்னான்."

"நீங்க எப்ப ஃபோர்மேன் சொன்னதை நம்பினீங்க?" என்றாள். அவர் படிவத்தை நாலாக மடித்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சொல்லிக்காட்டினீங்க, அந்த ஷூவைப் போட்டுட்டு உங்களை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

வியாழக்கிழமை பல்லுக்கு இரண்டாவது தடவை. இந்த முறை நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, வாய் தன் வசம் இருக்கும்போதே, முப்பது விஷயத்தைச் சொல்லிவிட்டார். டாக்டர் ஆச்சரியப்படவில்லை.

"செலவுதானே? நான்தான் முதல்லயே சொன்னேனே சார்."

"சொன்னீங்க. அதான் டாக்டர் புரியல. விக்கறவங்க யாராவது அதைச் சொல்வாங்களா?"

"நான் வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லல. முதல் வருஷம் டயர் மாத்தும்போது அழுதுட்டேன். அப்பதான் எழுதி வைக்க ஆரம்பிச்சேன்." டாக்டர் கையுறையை மாட்டினார். "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. அவங்க ஃபைலைத் திறக்கவேயில்ல. நீங்க ஒருத்தர்தான் முழுக்கப் படிச்சீங்க, அதையும் நம்பாம படிச்சீங்க. வாயைத் திறங்க."

வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, இன்னும் அந்த அம்மாளிடம் கேட்க வேண்டிய ஏதோ ஒரு கேள்வி பாக்கியிருப்பதுபோல அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என்ன கேள்வி என்று பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவர் ஒரு பட்டறையைத் தள்ளிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சின்னக் காரை மருத்துவமனைச் சுவரோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். மருந்தக ஜன்னலில் வரிசை நீண்டிருந்தது. அந்த இன்னொருத்தி மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அவரால் கணிக்க முடியவில்லை. காலையில் போகும்போது மனைவி கடிதத்தை எழுதிக் கையோடு கொண்டுபோனாள் என்று தெரியும். கொடுத்தாளா, கடைசி நேரத்தில் மனசு மாறி விட்டுக்கொடுத்தாளா என்பது தெரியாது. மனைவி உள்ளே போயிருந்த தலைமை மருந்தாளுநர் அறைக்கதவு மூடியே இருந்தது. இருபது நிமிடம். இருபத்தைந்து. இவ்வளவு நேரம் என்ன பேச்சு?

கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். படிகளில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். கார் அருகே வந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து, முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றினாள்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து அரை நாள்" என்றாள்.

முப்பது சாவியில் கை வைத்தார். திருகவில்லை.

"வாய்ல சொன்னாங்களா, எழுத்துல குடுத்தாங்களா?"

"எழுத்துலதான்."

"கையெழுத்து, முத்திரை?"

"ரெண்டும் இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா, நீங்களே படிக்கிறீங்களா?"

"குடு" என்று கையை நீட்டினார்.